நான்காம் ரவுண்டு, அஜ்மான்

மணி அடிக்கிற வேலை என்னுடையது.
மணி என்றால் லாரியின் பழைய பிரேக் டிரம்,
அடிக்கப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.

ஜுர்ஃப் டயர் குடோன், ஆகஸ்ட், வியாழன் ராத்திரி.
பத்து மணிக்கும் ஷட்டரைத் தொட்டால் சுட்டது.
இந்தப் பக்கம் சாரம் கட்டும் இருதயராஜ்.
அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்கும்
கம்பாலாக்காரன் வாஸ்வா.
பந்தயம் இரண்டு பெட்டி லபன்.

முதல் மூன்று ரவுண்டும்
வாங்கப்போகாத சாமானுக்கு விலை கேட்பதுபோல.

நான்காவதில்
வாஸ்வாவின் இடது கை வந்ததை யாரும் பார்க்கவில்லை,
இருதயராஜ் டயர் அடுக்கில் உட்கார்ந்ததைத்தான் பார்த்தோம்.
எட்டு எண்ணுவதற்குள் எழுந்தான்.
சிரித்தான். பல்லுறை சிவப்பு.

பிறகு நடந்ததற்கு
கேம்ப்பில் ஆளுக்கொரு கதை:
விலாவில் ஆறு குத்து, இல்லை, ஒன்பது;
வாஸ்வாவின் முழங்கால் தரையைத் தொட்டதா என்று
மெஸ்ஸில் இன்னும் தட்டு பறக்கிறது.
சூப்பர்வைசரைத் திட்டும் ஐந்து மொழியும்
அன்று ஒரே சத்தம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
மூன்று நிமிடம் முடிந்தது.
கடிகாரம் கையில், ஸ்பேனர் மடியில்.
நிறுத்த மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
மறந்துபோனேன்.

இருபத்திரண்டு விநாடி.
அதற்குள்தான் அந்தப் புருவம் கிழிந்தது.

ஐந்தாவதுக்கு இருவராலும் எழ முடியவில்லை.
லபனைப் பார்த்தவர்கள் குடித்தார்கள்.

மாதம் முதல் வாரம் பணம் அனுப்பப் போகிறேன்.
நாலு தையல் போட்ட புருவத்தோடு
வாஸ்வா கதவைத் திறந்து பிடிக்கிறான்.
"நல்ல ரவுண்டு," என்கிறான்.
"கொஞ்சம் நீளம்."