புரூனோவின் பெயர்

பதினெட்டு நீச்சல் குளங்கள் இருந்தன என்னிடம்.
ஒன்றும் என்னுடையதல்ல.
பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் மேட்டுத் தெருக்களில்
ஜக்கரண்டா உதிரும் மாதங்களில்
ஊதா அடைத்த வடிகட்டிகளை உதறிக் கழுவி
குளோரின் அளந்து கொட்டி
தண்ணீரைத் தண்ணீராகவே வைத்திருப்பது தொழில்.

போன ஜூலையில் முதுகு போயிற்று.
ஆகஸ்டில் க்ரீசன் வந்தான்.
சம்பள ஆள் அல்ல, ஒப்பந்தக்காரன்:
குளத்துக்கு இவ்வளவு என்று கூலி,
வண்டி அவனுடையது, வலையும் குழாயும் என்னுடையது.
ஒரே ஒரு பக்கம் ஒப்பந்தம்.
விலகிப் போனால் என் வாடிக்கையாளரைத் தொடக் கூடாது
என்றொரு வரி தட்டச்சு செய்தேன்.
அழித்தேன்.
எதிரே உட்கார்ந்து தேநீரை ஊதிக் குடிப்பவனிடம்
அதை எந்த முகத்தோடு நீட்டுவது?

மார்ச்சில் பதினெட்டு, பதினொன்றாயிற்று.
ஏழு வீடும் ஒரே குரலில் பேசின:
"தப்பா நினைக்காதே சலோஷ்னி,
எப்பவும் அவர்தானே வர்றார்?"
உண்மைதான்.
அதுதான் விழுங்க முடியவில்லை.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு மாடியறை.
வழக்கறிஞர் ருகையா மோட்டாலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வாடிக்கையாளருக்குப் பட்டா கிடையாதும்மா.
கால் இருக்கிறது, போவார்கள்.
தடைவரி நீங்கள் எழுதவில்லை.
எழுதியிருந்தாலும்
மாகாணம் முழுக்க ஐந்து வருடம் என்றால்
நீதிபதி சிரித்திருப்பார்.
சிறு வழக்கு மன்றம் உண்டு.
இருபதாயிரம் ராண்டு வரைதான்,
வக்கீல் வர முடியாது, நீங்களே பேச வேண்டும்.
பணம் வாங்கித் தரும், ஆளை நிறுத்தாது.
நிறுத்த வேண்டுமென்றால் உயர்நீதிமன்றம்.
அந்தச் செலவில்
நீங்களே ஒரு குளம் வெட்டிக்கொள்ளலாம்."

வெளியே மினிபஸ்காரன் ஊர்ப்பெயர் கூவினான்.
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
"சரி, உங்களுடையது என்று என்னதான் இருந்தது?"

நோட்டு, என்றேன்.
நீல அட்டை, குளோரின் பட்டு வெளுத்தது.
வாயிற்கதவு எண்கள்,
எந்தப் பம்ப் எந்த மாதம் முனகும்,
எந்த வீட்டில் பதினொன்றுக்கு முன் மணி அடிக்கக் கூடாது,
நாய்களின் பெயர்.

"அவன் பார்த்து எழுதிக்கொண்டதற்கு அத்தாட்சி?"

இல்லை என்றேன்.
எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை திருமதி ஆக்ரமன் அழைத்தார்.
குரல் நடுங்கியது, கோபத்தில்.
க்ரீசன் அனுப்பிய விலைப்பட்டியலை
எனக்கும் அனுப்பியிருந்தார்.
மாதக் கட்டணம் என்னைவிட அறுபது ராண்டு குறைவு.
கடைசி வரி:
*புரூனோவைத் தட்டிக்கொடுங்கள்.*

புரூனோ செத்தது போன ஜூலையில்.
அந்த வீட்டுக்கு க்ரீசனை நான் அனுப்பியதே இல்லை.
சின்னக் குளம், அதிகம் குனிய வேண்டாம் என்று
எனக்கே வைத்துக்கொண்டேன்.
கொய்யா மரத்தடியில் குழி தோண்டியதும் நான்தான்.
முதுகு போனது அன்றைக்குத்தான்.
நோட்டில் மட்டும்
அது இன்னும் உயிரோடு இருந்தது,
என் கையெழுத்தில்: *புரூனோ. குரைக்கும், கடிக்காது.*

ருகையா வாய்விட்டுச் சிரித்தார்,
அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.
கடிதம் இரண்டு பத்தி:
எடுத்த பட்டியலை ஒப்படை, இனிப் பயன்படுத்தாதே,
பத்து நாள் அவகாசம், இல்லையென்றால் மன்றம்.

"ஏழும் திரும்புமா?"
"இரண்டு வரலாம்.
மற்றவர்கள் அவனைப் பிடித்துப் போனவர்கள்.
அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை."

படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்:
"நோட்டில் ஒரு எழுத்தையும் இனித் தொடாதீர்கள்."

எட்டு மாதமாக அடிக்க மறந்த பெயர்.
இன்றிரவு பேனா கையில் இருக்கிறது.
அடிக்கக் கூடாது.
குரைக்கட்டும்.