ஏழாம் எண் கிணறு

கன்னங்குறிச்சியில் என் ஜன்னலுக்கு வெளியே
இரவு பதினொன்றரைக்கும் போர்வண்டி இரைகிறது.
பக்கத்து மனை. அற்புதமேரி டீச்சர் வீடு கட்டுகிறார்.
திருச்செங்கோட்டு வண்டி. ஆபரேட்டர் பெயரும் செங்கோடன்தான்.
ராடு இறங்க இறங்க என் மதிலில்
கரியால் ஒரு கோடு இழுக்கிறான்.

என் திரையில் வேறு நிலம்.
ஜோத்பூரிலிருந்து பரூவா அனுப்பிய வெட்டுமுகம்:
தரையை அதிரவைத்து, திரும்பி வந்த எதிரொலிகளைக்
கறுப்பும் வெளுப்புமாய்த் தைத்த துணி.
ஆயிரத்து நானூறு மில்லிசெகண்டில்
அடி தட்டையாய், முதுகு மட்டும் உயர்ந்து
ஒரு திமில்.
மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று.

மணல்மேடு என்கிறேன்.
உப்பு காட்டும் மாயம் என்கிறார் பரூவா.
மேலே உப்பு தடித்த இடத்தில் ஒலி விரைந்து போய்வரும்,
கீழே சமதரையும் மேடாய்த் தெரியும்.
நேரத்தை ஆழமென்று நம்பாதே, சுடர்க்கொடி.

சரிதான். முன்பே இரண்டு முறை ஏமாந்தவள் நான்.

அதனால் கிணறுகளிடம் போனேன்.
நான்காம் எண் இரு திமில்களுக்கும் நடுவே இறங்கியது:
காமா கோடு நடுங்குகிறது. களி, உப்புப் பொருக்கு,
எப்போதோ ஈரமாய்க் கிடந்த பள்ளம்.
ஏழாம் எண், திமிலின் உச்சியில்:
காமா விழுகிறது,
விழுந்த இடத்திலேயே கிடக்கிறது நூற்றுப்பத்து மீட்டருக்கு.
களியே கலக்காத மணல். ஆறு இப்படிச் சலிக்காது.
சாய்வு அம்புகள் எல்லாம் வடகிழக்கே;
அடியில் ஐந்து பாகை, ஏற ஏற இருபத்தைந்து,
சட்டென்று அறுந்து மறுபடி ஐந்து.
மேட்டின் மேல் மேடு ஏறிப் போயிருக்கிறது.

வெளியே ஆயிரத்து நூறு அடி.
கருங்கல். மறுபடி கருங்கல். புகையாய்த் துகள்.
சேர்வராயன் மலை எதனால் ஆனதோ
அதுவே கீழும் போகிறது, அடுக்கில்லாமல்,
என் வித்தைக்குப் பிடிகொடுக்காமல்.

டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.
"பூமிக்கு அடியில பாக்கற வேலைதானே கண்ணு உனக்கு?
இன்னும் நூறு போடட்டுமா, நிறுத்தட்டுமா?"

டைனோசருக்கு முந்திய ஒரு காற்று
எந்தத் திசையில் வீசியதென்று தெரியும்.
என் சுவரிலிருந்து பன்னிரண்டு அடியில்
ஒரு வெடிப்பு இருக்கிறதா, தெரியாது.
"தெரியலைங்க டீச்சர்" என்றேன்.
சொல்ல மனசில்லை என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்றரைக்கு வண்டி ஓய்ந்தது.

காலையில் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே
ஆடிக்காற்று துகளைக் கூட்டி வைத்திருந்தது.
முழ நீளம், நாலு விரல் உயரம்.
மேற்கே சாவகாசமான ஏற்றம், கிழக்கே பொலபொலவென்று சரிவு.
மகளின் பாகைமானியோடு குனிந்தேன்.
முப்பத்திரண்டு.
புதைந்தால் கொஞ்சம் படுத்துக்கொள்ளும்,
இருபத்தைந்தாகும்.
படம் எடுத்து பரூவாவுக்கு அனுப்பினேன்.
எந்தப் படுகை இது, என்று கேட்டிருந்தார்.

பதில் தட்டிக்கொண்டிருக்கையில்
டீச்சர் வாளியோடு வந்தார்.
"வண்டியெல்லாம் புழுதியாக்கிட்டோம், மன்னிச்சுக்க கண்ணு."
நான் கை நீட்டுவதற்குள்
லாரியில் வாங்கிய தண்ணீரை ஒரு சொம்பு மோந்து
சக்கரத்தடியில் ஊற்றினார்.