குண்டாற்றுக் கல்

கள்ளிக்குடிக்கு மேற்கே ஒரு வேதக்கோயில் மணியை
எடை போட்டுச் சொல்லணும் என்று கூப்பிட்டார்கள்.
பழைய இரும்புக் கடைக்காரன் நான்.
விற்கவா என்றேன்.
இல்லை, இன்சூரன்ஸுக்கு என்றார் பாஸ்டர் ஞானசிகாமணி,
என் முகத்தைப் பார்க்காமல்.

விளிம்பில் விரிசல். நாக்கு இல்லை.
ஒச்சப்பன் எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்க்கத் தேய்க்க
களிம்புக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது:
லெமுவேல் ஹாஸ்கின்ஸ். 1866. எடை நானூறு பவுண்டு.

யார் இந்த ஆள்?
பாஸ்டர் உள்ளே போய் ஒரு பழுப்பு ஃபைலோடு வந்தார்.

அமெரிக்காவில், வடக்கே, பனி விழுகிற ஊர்.
தோல் பதனிடுகிறவரின் நாலாவது மகன்.
இருபதில் ஒரு நூல் கடை, முப்பதில் ஆற்றோரம் ஆலை,
நாற்பதில் செனட்.
அங்கே எழுந்து நின்று
மனிதனை மனிதன் விற்கிறதாவது என்று
ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்.
தொண்டை கட்டி மூன்று நாள் படுக்கை.
அந்த மூன்று நாளும் ஆலையில் ஓடினது
விற்கப்பட்ட மனிதர்கள் பறித்த பஞ்சு.

ஃபைலில் இப்படி எழுதியிருக்கவில்லை.
பாஸ்டர் இரண்டு தாளை
அருகருகே வைத்தார், அவ்வளவுதான்.

பிறகு அங்கே உள்நாட்டுச் சண்டை.
அவர்கள் பஞ்சு நின்றது, இங்கே விலை ஏறியது,
ஒன்றுக்கு மூன்றாக.
கம்பு விளைந்த கரிசலிலெல்லாம் பருத்தி.
திருமங்கலத்துத் தரகர் சீனியா பிள்ளை
தீவட்டி பிடித்து ராத்திரியே வண்டி அனுப்பினார், தூத்துக்குடிக்கு.
ஒருவன் மாட்டுக்கொம்புக்கு வெள்ளிப்பூண் போட்டான்.
ஒருவன்
(அவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை)
பொதிக்குள் கல் வைத்தான்.

கல் கடல் தாண்டியது.
ஹாஸ்கின்ஸ் கடிதம் எழுதுகிறார்:
உங்கள் மதுரைப் பஞ்சு குட்டை இழை.
தூசி, கொட்டை, இலைச்சருகு.
இம்முறை ஒரு கல்லும்.
உள்ளங்கை அளவு, கறுப்பு, ஆறு தேய்த்த வழவழப்பு.
பஞ்சு விலைக்கே வாங்கியிருக்கிறேன்,
ஆகையால் மேசையில் வைத்துக்கொண்டேன்.

குண்டாற்றுக் கல். பார்க்காமலே சொல்வேன்.

எனக்கும் வரும்.
செம்புக் குழாய்க்குள் மணல்,
மோட்டாருக்குள் சிமெண்டு.
அந்தக் கல்லை வைத்தவனை எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது.
செனட்டரைத்தான் பிடிபடவில்லை.

சண்டை ஓய்ந்த மாதமே விலை விழுந்தது.
வெள்ளிப்பூண் அடகுக்கடைக்கு, மாடு சந்தைக்கு.
லாபத்தில் பத்தில் ஒன்றை மணியாக வார்த்து அனுப்பினார் அவர்,
பஞ்சு தந்த ஊருக்கு.
அடுத்த தேர்தலில் பதினோரு ஓட்டில் தோல்வி.
ரயில்வே பங்குகளில் போட்டது ரயிலோடு போச்சு.
ஏலப் பட்டியல் இருக்கிறது:
குதிரை வண்டி ஒன்று, பியானோ ஒன்று,
நாற்காலி பதினாலு, அதில் ஒன்று கால் இல்லாதது,
கறுப்புக் கல் ஒன்று, மதிப்பு இல்லை.
மகள் வீட்டு மாடியறையில்
ஒரு பிப்ரவரியில் செத்துப்போனார்.

மணியைத் தூக்கித் தராசில் வைத்தோம், ஆறு பேர்.
நானூறு பவுண்டு என்றால் நூற்றியெண்பத்தொரு கிலோ.
காட்டியது நூற்றியெழுபத்தாறு.
இறக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி.
நூற்றியெழுபத்தாறு.

நாக்கையும் சேர்த்து எழுதியிருப்பான் என்றார் பாஸ்டர்.
நாக்கைச் சேர்த்து யாரும் எழுதமாட்டான் என்றேன் நான்.
ஒச்சப்பன் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினான்.
தகர டப்பா மாதிரி ஒரு சத்தம்,
வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடு தலையைத் தூக்கியது.

எதற்கும் நானூறே போட்டுக்கொடுங்கள் என்றார்.
நூற்றியெழுபத்தாறு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் கடைக்குச்
செம்புக் கம்பி மூட்டை ஒன்று வந்தது.
வழக்கம்போல அடிவரை கையை விட்டுத் துழாவினேன்.
கம்பிதான். வெறும் கம்பி.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.