மீளப்பெறல்

கல்முனையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடி,
சனிக்கிழமை ரெண்டரை மணி.
படிப்பிக்கிற லக்சிகாவுக்கு இருபத்து நாலு வயது,
எனக்கு நாற்பத்தொன்று.
வெட்கம் முதல் கிழமையோடு போயிற்று.
பக்கத்து வாங்கில் கட்டாருக்குப் போகக் காத்திருக்கும் லொறி ட்ரைவர்,
நிந்தவூரில் ஃபார்மசி வைத்திருக்கும் நுஸைபா,
ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு பொடியன்.

நான் போனது முட்டைக்காக.

காரைதீவில் என் வளவின் பின்பக்கம் அறுபது கோழி,
கடனுக்கு எடுத்த குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று.
பெட்டியோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஸ்.
படம் பார்த்து நடத்தினேன்.
தொண்ணூற்றாறு முட்டை வைத்து
இருபத்தோராம் நாள் எண்ணினால்
நாலு குஞ்சு. அதில் ஒன்று நொண்டி.
மிச்சத்தை உடைத்துப் பார்க்க மனம் வரவில்லை,
மணம் விடவுமில்லை.

ஆறு மாதம் கழித்து அதே புத்தகம்.
பன்னிரண்டாம் பக்கம், கறுப்புக் கட்டத்துக்குள்:
பதினெட்டாம் நாளிலிருந்து முட்டையைத் திருப்ப வேண்டாம்,
மூடியைத் திறக்க வேண்டாம்.
நானோ ஆசையில்
மணிக்கொருதரம் திறந்து பார்த்தவள்.

அடுத்த தடவை, சூடு நிற்காத ஓர் இரவு,
வத்தளைக்கு அடித்தேன். எடுத்தவர் பெயர் நிலந்த.
எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது.
"ஹீட் கம், ஹீட் கோ" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பெஹைன்ட்... ஸ்மோல் ஸ்க்ரூ... ஸ்லோவ்லி, ஸ்லோவ்லி."
பஸ்ஸில் சில்லறை தேடுகிற ஆள் மாதிரி
அவரும் தடவித் தடவித்தான் எடுத்தார்.
லக்சிகா கேட்டிருந்தால் ரெண்டு பேருக்கும் சிவப்புப் பேனைதான்.
முப்பத்தேழு தசம் ஐந்தில் சூடு நின்றது.
எழுபத்தொரு குஞ்சு.

மறுகா ஒரு சனி, வங்கிப் படிவம் நிரப்பப் படித்தோம்.
டெபொசிட் என்றால் வைப்பு.
வித்ட்ரோவல் என்றால் மீளப்பெறல்.
சுகமான பாடம், எல்லாருக்கும் சரி.

ஐப்பசி மழைக்குக் கோழிகள் தலை தொங்கி நின்றன.
அக்கரைப்பற்றில் வாங்கிய வெள்ளைத் தூள்,
தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாயிற்று.
வெறும் பக்கெட்டைக் கழுவ எடுத்தபோது
முதுகில், எறும்பளவு எழுத்தில், தெரிந்த சொல்:
வித்ட்ரோவல். முட்டைக்கு ஏழு நாள்.

கோழிக்குள் நான் எதை வைப்பில் இட்டேன்,
மீளப்பெற?

நுஸைபாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
குரலில் பதில் வந்தது:
"மருந்து கோழிய விட்டு இறங்குற நாள் அது.
அதுமட்டும் அந்த முட்டைய திங்கவும் கூடா, விக்கவும் கூடா."

போன வருசமும் இதே தூள்.
அந்தக் கிழமை முட்டைகள்
பாலர் பாடசாலைக்குத்தான் போயின.
நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
ஒன்றுகூட உடையாமல்.

நாளுக்கு முப்பத்தெட்டு, ஏழு நாளைக்கு இருநூற்று அறுபத்தாறு.
ஒன்று நாற்பது ரூபா.
பெருக்கிப் பார்த்தேன், பிறகு கல்குலேட்டரிலும் பார்த்தேன்.
கடைக்காரக் குகநேசன் கோல் எடுத்தார்.
"முட்டை எங்க பிள்ள?"
சொன்னேன்.
"ஆருக்குத் தெரியப்போகுது? கொண்டா."
அதற்குப் பதில் எனக்கு
ரெண்டு பாஷையிலும் வரவில்லை.
வாழைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டினேன்.
இங்கிலீஸ் படித்ததால் இந்த மாதம்
பத்தாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா நட்டம்
என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கடன்காரக் கொம்பனிப் பொடியன் வந்தான்.
தவணை பிந்தினதால் புதுக் கடதாசி,
மூன்று பக்கம், பொடி எழுத்து.
"ஒண்டுமில்ல அக்கா, இஞ்ச ஒரு சைன்,
இஞ்ச ஒண்டு."

கதிரை போட்டு இருக்கச் சொன்னேன்.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு
கண்ணாடியை எடுத்து வந்தேன்.