மூன்று புள்ளி ஆறு

பஹாஹீலில் வெள்ளிக்கிழமை.
தூசி கிளம்பி எதிர்க் கட்டடத்தைத் தின்றுவிட்டது.
ஏசி மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறது.
அதற்கு உம் கொட்டியபடி நான்
ஒரு முடிவைத் தள்ளிப்போடுகிறேன்.

என் நிரல் சின்னது.
கட்டைவிரல் வைக்கும் வருகைப் பெட்டியிலிருந்து
யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார்
என்று எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.
காசு கேட்டதில்லை, பூட்டுப் போட்டதில்லை.
எடுத்துப்போனவர்களின் எண்ணிக்கை தெரியும்,
முகம் தெரியாது.

பைத்தான் மூன்று புள்ளி ஆறை
அதைச் செய்தவர்களே கைகழுவி நாளாயிற்று.
நான் மட்டும் இன்னும் சோறு வைக்கிறேன்.
பழசானால் இந்த வழி, இல்லையென்றால் அந்த வழி
என்று கோப்புக்குக் கோப்பு கவைபிரியும் வரிகள்.
எண்ணிப் பார்த்தேன்: இருநூற்றுப் பதினாலு.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும்
சோதனை ஓடி முடிய பதினொரு நிமிஷம்.
அதற்குள் டீ போட்டு, குடித்து,
டம்ளரும் கழுவிவிடுவேன்.

தோஹாவிலிருந்து மெஹ்ருன்னிசா எழுதுகிறாள்.
இதை என்னோடு சேர்ந்து சுமப்பவள், நேரில் பார்த்ததில்லை.
"வெட்டு. நூற்றுக்கு ஒன்றே முக்கால் பேர்.
அவங்களுக்காக மீதிப் பேரைக் காக்க வைக்கிறே.
சம்பளமா தர்றாங்க?"

சரிதான்.
கணக்கில் அவள் தப்பியதே இல்லை.
ஆனால் அந்த முக்கால் யார்?

போன மாதம் ஒரு பிழையைப் பிடித்தோம்.
இரவு பத்துக்கு உள்ளே போய்
காலை ஆறுக்கு வெளியே வருகிறவனை
நள்ளிரவில் இரண்டாகப் பிளந்து
முதல் துண்டை விழுங்கிவிடுகிறது ஒரு வரி.
இரண்டு மணி நேரம்.
ஓவர்டைமில் இரண்டு மணி நேரம்.
திருத்தம் புதியதில் ஏறிவிட்டது.
பழையதில் நள்ளிரவு இன்னும்
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கேட்டு எழுதி வைத்தேன்:
மூன்று புள்ளி ஆறில் ஆள் இருக்கிறதா?
ஒன்பது நாள் சத்தமில்லை.
மெஹ்ருன்னிசா, "பார்த்தியா" என்றாள்.

பத்தாம் நாள் ஒருவர்.
ஷுஐபாவில் ஒரு லேபர் கேம்ப், டைம்கீப்பர், பெயர் வேதமுத்து.

"ஆள் இருக்கு மேடம்.
கம்ப்யூட்டர் கம்பெனியோடது,
பாஸ்வேர்டு கேன்சல்ல ஊருக்குப் போனவன்கிட்ட.
புதுசு ஏத்த வழியில்ல.
கேட்டுக்கு உள்ள நெட் கிடையாது, பென் டிரைவ்தான்.
நிறுத்தணும்னா நிறுத்திக்குங்க, எத்தனை நாள்தான் செய்வீங்க.
அந்த நள்ளிரவு ஒண்ணை மட்டும்
போட்டுக் குடுத்துட்டு நிறுத்துங்க.
பழைய ஜிப்பை அழிச்சிராதீங்க.
நைட் ஷிப்ட் நூத்தி அறுபத்தெட்டுப் பேர்."

நான் ஆமாம் இல்லை என்று
இரண்டு கதவை வைத்துக்கொண்டு திணறினேன்.
அவர் சன்னல் வழியாகக் கை நீட்டிவிட்டார்.

பழைய இலக்கணத்தில் எழுதி வெகுநாள் ஆகிவிட்டது.
ஆறு வரிக்கு மூன்று மணி நேரம்.
கடைசிப் பதிப்பு என்று எண் போட்டு
ஜிப்பாகக் கட்டி, பக்கத்தில் எழுதினேன்:
இதற்கு மேல் கிடையாது. இது அழியாது.
மெஹ்ருன்னிசா பதில் எழுதவில்லை,
ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள்.

பிறகு வெட்டினேன்.
நூற்றெட்டாவது வரிக்கு மேலே
என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு:
ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை, தொடாதே.
தொட்டேன்.
ஒன்றும் ஆகவில்லை. அதுவே கொஞ்சம் வலித்தது.

வேதமுத்து பென் டிரைவோடு
கேட்டுக்குள் போனாரா, தெரியாது.
ஏறியதா, தெரியாது.
யாருக்காவது இந்த மாதம் இரண்டு மணி நேரம்
கூடக் கிடைத்தால்
யார் தந்தது என்று அவன் கேட்கப்போவதில்லை.

சோதனையை ஓடவிட்டு எழுந்தேன்.
திரும்பிப் பார்த்தால் பச்சை விளக்கு.
நாலே நிமிஷம்.
மிச்சம் ஏழை எந்தக் கணக்கில் எழுதுவது?
அடுப்பில் தண்ணீர்
இன்னும் கொதிக்கவே இல்லை.