வலக்கைப் பக்கம்

இருபத்திரண்டு வருடம்
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கார் ஓட்டியவள் நான்.
இடக்கை ஸ்டியரிங்கில், இடக்கால் பிரேக்கில்,
வலக்கை ஜன்னலுக்கு வெளியே.
லூனன்பர்க் கடலோரச் சாலையில்
நானூற்றுப் பதினோரு தபால் பெட்டிகள்,
எல்லாம் வலப்பக்கம்.
மருத்துவர் படம் எடுத்துக் காட்டினார்:
என் முதுகெலும்பு ஒரு கேள்விக்குறி.
புள்ளி வைப்பதுதான் பாக்கி.

அப்புறம் வாங்கியது இந்த வெள்ளை வேன்,
நாகோயா ஏலத்தில், படம் பார்த்து.
ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
கப்பலில் வந்து ஹாலிஃபாக்ஸில் இறங்கி
பெரிய வண்டிகளின் முட்டியளவு உயரத்தில்
பள்ளிக்கூடத்து முதல் நாள் பிள்ளையாய் நின்றது.

சுங்க ஜன்னலில் கோமோ என்கிற அதிகாரி.
தாளைத் திருப்பினார், தலையைத் திருப்பினார்.
'உற்பத்தி வருடம் இருபத்திரண்டு என்றிருக்கிறது.
மூன்று வயதுக் குழந்தையையா கொண்டுவந்திருக்கிறீர்கள்?'
இல்லை, அது அந்த ஊர் அரசர் கணக்கு என்றேன்.
கல்லில் வெட்டி வைப்பார்களே,
இன்ன மன்னர்க்கு யாண்டு இருபத்திரண்டு என்று,
அது போல.
அந்த அரசர் முடி துறந்துவிட்டார்.
கணக்கு மட்டும் கார்க் கதவில் ஒட்டியிருக்கிறது.

விரல்விட்டு எண்ணினார்.
'பதினைந்து வயது நிறைய
இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, மிஸஸ் ஸ்விக்கர்.
ஒரு நாள் குறைந்தாலும் இது புது வண்டி.
மோதிப் பார்த்த சான்று, இந்த நாட்டு முத்திரை,
எல்லாம் கேட்பேன்.
நிறைந்துவிட்டால் ஒன்றும் கேட்கமாட்டேன்.'

'பத்தொன்பது நாளில் தகரம் கெட்டிப்படுமா?'

'தகரம் அப்படியேதான் இருக்கும்.
சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும்.'
சொன்னவர் சிரிக்கவில்லை.
பூட்டிய கிடங்குக்கு நாள் வாடகை எழுதினார்.

காத்திருந்த வண்டியின் அடியில்
டார்ச்சோடு மல்லாந்து படுத்தாள் தெல்மா பூட்டிலியர்.
சக்கர வளைவுக்குள் ஒரு கைப்பிடிச் சேறு,
காய்ந்து, உமி ஒன்று ஒட்டி.
வண்டி வரலாம், மண் வரக்கூடாது.
நீராவி அடித்தார்கள்.
கழுவிய தண்ணீரையும் விடவில்லை,
பீப்பாயில் பிடித்து மூடினார்கள்.
யார் வயலோ. எந்த மழைக்கு எந்த வரப்போரம் நின்றதோ.
ரசீது வந்தபோது கணக்குப் போட்டேன்:
எடைக்கு எடை, வேனைவிட
மண்ணுக்குத்தான் அதிகம் கொடுத்திருந்தேன்.

பத்தொன்பது நாளும் கோணி உட்கார்ந்தே
கடிதம் போட்டேன்.
கடைசி ராத்திரி பிள்ளைகள் பேய் வேஷத்தில்
மிட்டாய் கேட்டு வந்தார்கள்.
உனக்கு எத்தனை வயது என்று
ஒவ்வொரு பேயையும் கேட்டேன். ஏனென்று தெரியவில்லை.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை.
சுங்கம் மூடியிருந்தது.
திங்கள்வரை
சட்டப்படி முதிர்ந்த வண்டி சும்மா முதிர்ந்துகொண்டிருந்தது,
வாடகையோடு.

பிறகு விளக்கு.
பிரிட்ஜ்வாட்டர் மெக்கானிக் வான், சுவரில் ஒளியடித்துக் காட்டினான்:
'அங்கே இடப்பக்கம் போகிறார்கள்.
இது அந்த ஊர் ஓரத்தைப் பார்க்கிறது.
இங்கே எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.'
பார்வையை மாற்றி
கண்ணாடியில் சான்று ஒட்டிக் கொடுத்தான்.

முதல் நாள், நல்ல வெயில்.
முதல் பெட்டி ரோட்னி ஹிர்ட்டில் வீட்டில்.
திரும்பப் போகிறேன் என்று சைகை காட்ட
குச்சியைத் தட்டினேன்;
சைகைக் குச்சி மறுபக்கம் இருக்கிறது.
மழையில்லாத வானத்தைத்
துடைக்க ஆரம்பித்தது வைப்பர்.
வாசலில் நின்ற ரோட்னி
தனக்குத்தான் கையாட்டுகிறேன் என்று நினைத்துத்
திருப்பி ஆட்டினார்.

இடக்கால் இன்னும் தேடிக்கொண்டிருந்தது,
இல்லாத பிரேக்கை.
வலக்கை மட்டும்
எட்டாமல், வளையாமல்,
பெட்டிக்குள் போய் வந்தது.