குறைந்தபட்சம் பத்து

பெல்கிரேடில் ஒரு கடைக்காரர் விலை சொன்னார்.
அந்த விலைக்கு
என் செர்ரித் தோட்டம் மொத்தத்தையும்
சூறைக்குருவிகளுக்கே பந்தி வைத்துவிடலாம்.

அதனால் செய்கிறவர்களுக்கே எழுதினேன்.
ச்சாங்ச்சுன் என்று ஓர் ஊர்.
இங்கே ராத்திரி இரண்டு என்றால்
அங்கே ஆபீஸ் திறந்து ஒரு தேநீர் ஆகியிருக்கும்.
நாலே நிமிடத்தில் பதில்:
அன்புள்ள தெசாங்கா,
கைக்கு அடக்கமானது, பச்சை ஒளி, இரண்டு பேட்டரி.
குறைந்தபட்சம் பத்து.
இப்படிக்கு, யின் ஷூலான்.

எனக்கு வேண்டியது ஒன்று.

ஆள் பிடிக்கக் கிளம்பினேன்.
ஷிவாதின் மூன்று சொன்னான்,
தனக்கு, மச்சானுக்கு, மச்சானுடைய மச்சானுக்கு.
மாவுமில் இரட்டையர்கள் ஆளுக்கொன்று.
பௌதிக டீச்சர், நட்சத்திரம் காட்ட.
மாட்டு டாக்டர் தன் பூனைக்கு என்றார்,
அவருக்கு விற்க மாட்டேன் என்றதும்
திராட்சைக்கு என்று மாற்றிச் சொன்னார்.
பாதிரியார் எதற்கென்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒன்று குறைந்தது.
வேலிக்கு அந்தப்பக்கம் பிராத்திமிர்
ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னான்:
முகம் தெரியாதவளுக்குப் பணம் அனுப்புவதும்
தொப்லித்சா ஆற்றில் போடுவதும் ஒன்றுதான்.
ஆற்றில் போட்டால் சத்தமாவது கேட்கும்.

பத்தாவதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

பணம் போய்ச் சேர்ந்தது.
பிறகு ஷூலான் கேட்டாள்,
காபியில் சர்க்கரை எவ்வளவு என்பதுபோல:
லேபிளில் எந்த எண் போடட்டும்?
சிலர் ஐந்து கேட்பார்கள்,
சுங்கத்தில் சுலபம்.

ஜன்னலில் என் முகம் தெரிந்தது.
உள்ளே இருப்பது எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னாள்.
அதையே போடு என்றேன்,
பத்துக் கண்ணாடியும் சேர்த்து அனுப்பு,
கண்ணைக் காப்பவை, நிஜமானவை.

உண்மைக்கு நீஷ் நகரச் சுங்கத்தில்
மூன்று வாரமும் ஆறு படிவமும் ஆயிற்று.
அதிகாரி பெட்டியைத் திறந்து
ஒன்றைச் சுவரில் அடித்துப் பார்த்தார்.
இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.
யாருமே இப்படி எழுதி வருவதில்லையே அம்மா என்றார்,
பாராட்டினாரா திட்டினாரா தெரியவில்லை.

ஜூன். காலை நாலரை.
கண்ணாடி போட்டுக்கொண்டு
ஒளியைத் தாழ்த்திப் பிடித்தேன்.
வானத்தில் அடிக்கக் கூடாது, விமானம் போகிற வழி.
குருவிமேலும் அடிக்கக் கூடாது,
மரத்தடியில் மெல்லக் கூட்டிப் பெருக்கினால் போதும்.
பச்சைக் கம்பு ஒன்று
பனியைத் தொட்டுக்கொண்டே வந்தது.
மரம் ஒரு மூச்சு இழுத்தது.
ஆயிரம் குருவி ஒரே கறுப்புத் துணியாக எழும்பி
உதறிக்கொண்டு
வேலியைத் தாண்டி இறங்கிற்று.

நாலு நாள் கழித்து
பிராத்திமிர் வேலியோரம் வந்து நின்றான்.
கையில் வாளி,
வாளி நிறையக் கொத்திய பழம்.
ஒன்றும் கேட்கவில்லை.
நான் உள்ளே போய்ப் பத்தாவதை எடுத்து வந்தேன்.
பெல்கிரேடு விலை நாக்கு நுனிவரை வந்தது.
சுங்கத்தையும் சேர்த்து
அடக்க விலைதான் சொன்னேன்.
கண்ணாடியை மறந்துவிட்டுப் போனான்,
கூப்பிட்டுக் கொடுத்தேன்.

இப்போது விடியலில் இரண்டு பச்சைக் கம்புகள்.
குருவிகள் ஆற்றுப்பக்கம் போய்விடுகின்றன.

ஷூலான் வீடியோ கேட்டிருந்தாள், அனுப்பினேன்.
அங்கே ஜன்னலில்லாத நீள நடையில்
வெள்ளைச் சுவரைப் பார்த்துத்தான் சோதிப்பார்களாம்.
எட்டு வருடமாக விற்கிறேன்,
எதையாவது எழுப்பி இன்றுதான் பார்த்தேன் என்று எழுதினாள்.
கீழே ஒரு கேள்வி:
அப்புறம் அவை எங்கே போகும்?

எழுதினேன், அழித்தேன்.
வெளியே வெயில் ஏறியிருந்தது,
ஒளியை அடித்தாலும் தெரியாத வெயில்.
கிளைகளில் கச்சேரி ஆரம்பித்திருந்தது.

பத்து மணிவரை எங்கேயோ, ஷூலான்.
அதற்குப் பிறகு இங்கேதான்.